ஒரு பக்கத் தடத்தை மட்டும் மூடுவதா, சாலையையே மூடுவதா?

தினப்பயணி:
நம்ம பிரதான சாலையில் பழைய தாரைச் சுரண்டி எடுக்கிற வேலை பாதி முடிந்திருக்கிறது. திங்கள் முதல் இடப்பக்கத் தடத்தை மூடுகிறார்கள், அது முடிந்ததும் வலப்பக்கம். மொத்தம் ஆறு வாரம் என்று பலகையில் போட்டிருக்கிறது. ஆறு வாரம் இழுப்பதற்கு, இரண்டு வார இறுதிகளில் சாலையை முழுசாக மூடி முடித்துவிடலாமே?

வேன்காரன்:
முடியவே முடியாது சார். மாற்றுப்பாதை என்று காட்டுகிற தெருவில் இரண்டு வேன் எதிரெதிரே வந்தாலே ஒன்று ரிவர்ஸ் எடுக்கணும். நான் டயாலிசிஸ் நோயாளிகளை வாரம் மூன்று முறை ஏற்றி இறக்குகிறேன். சனிக்கிழமை முறை வருகிறவருக்கு வார இறுதி என்று ஒன்று கிடையாது. ஒரு தடமாவது திறந்திருக்கட்டும், ஊர்ந்தாவது போய்ச் சேர்வேன்.

ரோலர்தம்பி:
பல வருஷம் தார் போடும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் தினப்பயணி பக்கம்தான் நிற்பேன். காரணம் வேகம் மட்டும் இல்லை. கலவை லாரியிலிருந்து இறங்கும்போது சுமார் 150 டிகிரி சூடு இருக்கும். அது 80 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் உருட்டி முடித்தாக வேண்டும். பாதி அகலம் மட்டும் போட்டால் அதன் ஓரம் ஆறி இறுகிவிடும். மறுபாதியைப் பிறகு கொண்டுவந்து ஒட்டும்போது அந்த இணைப்பு சரியாக இறுகாது. பழைய சாலைகளின் நடுவே கோடு பிடித்த மாதிரி நீளமாக ஒரு விரிசல் ஓடும், சில இடத்தில் அதில் புல்கூட முளைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். முழுசாக மூடினால் இரண்டு பேவரை, அதாவது கலவையைப் பரப்புகிற இயந்திரத்தை, அடுத்தடுத்து ஓட்டி, சூட்டோடு சூடாக இணைக்கலாம்.
2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாலத்தின் பாதியை இடிக்க 405 நெடுஞ்சாலையை வார இறுதியில் மூடினார்கள். ஊரே ஸ்தம்பிக்கும் என்று பயந்தார்கள். சுமார் 17 மணி நேரம் முன்னதாகவே திறந்துவிட்டார்கள்.

வேன்காரன்:
அங்கே பல வாரம் முன்னாடியே ஊர் முழுக்கச் சொல்லி, மக்களை வீட்டில் இருக்க வைத்தார்கள் தம்பி. நமக்கு வந்தது ஒரு பலகை. அதுவும் திருப்பத்தைத் தாண்டி நிற்கிறது. அதைப் படித்து முடிக்கும்போது வண்டி வரிசைக்குள் மாட்டியிருக்கும். இணைப்பு பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வண்டியில் இருப்பவருக்கு அடுத்த வருஷ விரிசல் கவலை இல்லை.

இருசக்கரம்:
நீங்கள் இருவரும் எங்களை விட்டுவிட்டீர்கள். சுரண்டிய தடத்துக்கும் சுரண்டாத தடத்துக்கும் நடுவில் ஒரு படி நிற்கிறதே, கட்டைவிரல் உயரம்தான். போன வாரம் மழையில் அது தண்ணீருக்குள் மறைந்திருந்தது. முன்சக்கரம் அதன் ஓரமாக உரசி இழுத்துக்கொண்டு போனது, ஹேண்டில் என் கையில் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால் இதை எழுதுகிறேன். முழு மூடலோ பாதி மூடலோ, அந்தப் படியைச் சரித்துக் கட்டாமல் இரவில் வண்டி விடக்கூடாது.

தினப்பயணி:
பதறிவிட்டது. அடி எதுவும் இல்லையே? இன்னொன்று, சிறுபாலத்துக்கிட்ட பத்து நாளாக ஒரு ஆள் இல்லை, கோன் மட்டும் நிற்கிறது. அதையாவது திறக்கலாமே?

ரோலர்தம்பி:
அது கான்கிரீட். மேலே ஈரச் சாக்கு போர்த்தியிருக்கும், பாருங்கள். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வரும். 28 நாள் பலத்தைக் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். அவசரப்பட்டு லாரியை ஏற்றினால் மறுபடி உடைத்துக் கட்டணும். ஆள் இல்லாததால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

வேன்காரன்:
அதைப் பலகையில் ஒரு வரி எழுதியிருந்தால் நான் இத்தனை நாள் திட்டியிருக்க மாட்டேன். சரி, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை மட்டும் முழுசாக மூடினால் உங்கள் இணைப்பு சூடாகக் கிடைக்குமா?

ரோலர்தம்பி:
கிடைக்கும், ஒரு இரவில் குறைந்த நீளம்தான் போட முடியும். ராத்திரிக் குளிரில் கலவை சீக்கிரம் ஆறும், ரோலரை ஒட்டியே ஓட்டணும். நாளும் கூடும். ஆனாலும் பாதி அகலம் போடுவதைவிட அதற்கு நான் சம்மதிப்பேன்.

இருசக்கரம்:
கையில் சிராய்ப்புதான், தினப்பயணி. இரவு மூடல் என்றால் எனக்கும் சரி. காலையில் திறக்கும்போது அந்தப் படி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வேன்காரன்:
ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஓரமாக வழி விடணும். அது இல்லாமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.