கிரேடியன் மோடைத் தூக்கிவிடலாமா?

மூலநிரல்:
நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கட்டற்ற கணித மென்பொருளைப் பராமரித்து வருகிறோம். கணக்குப் போடலாம், வரைபடம் வரையலாம், சின்ன நிரல்கள் எழுதிச் சேமித்தும் வைக்கலாம். கோணத்துக்கு டிகிரி, ரேடியன், கிரேடியன் என்று மூன்று மோடு இருக்கிறது. அடுத்த பதிப்பில் கிரேடியனை (முழு வட்டம் 400, செங்கோணம் 100) எடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு.

காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முக்கோணவியல் சார்புக்கும், அதன் தலைகீழ்ச் சார்புக்கும் மோடுக்கு ஒன்றாக நிரலில் மூன்று கிளை எழுத வேண்டியிருக்கிறது. கிரேடியன் மோடில் சைனை வகையிட்டால் வெறும் கோசைன் வராது, π/200 என்ற காரணியும் கூடவே வரும், அதை வரைபடப் பகுதியிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சைன் 200 சரியாக 0 என்று வர வேண்டும், ஆனால் π/200 ஆல் பெருக்கி அப்படியே சைனுக்கு அனுப்பினால் 0.000...1 என்று 16ஆவது இடத்தில் ஒரு துணுக்கு மிஞ்சும், அதற்குத் தனிக் கவனிப்பு. பயனர் தரவு எதையும் நாங்கள் சேகரிப்பதில்லை, அதனால் யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லவும் வழியில்லை. யாராவது உண்மையிலேயே பயன்படுத்துகிறீர்களா?

வகுப்பறை:
தாராளமாக எடுங்கள். மாணவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மோடு வேண்டுமென்றே போட்டதை நான் பார்த்ததே இல்லை, கை தவறிப் போட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். சைன் 30 என்று போட்டால் 0.5 வர வேண்டிய இடத்தில் 0.45399 வருகிறது. ரேடியன் மோடில் இருந்தால் -0.988 என்று மைனஸில் வரும், பிள்ளைகளுக்கே சந்தேகம் தட்டிவிடும். 0.454 அப்படியில்லை, பார்க்க நம்பும்படியாக இருப்பதால் அப்படியே அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி வகுப்பு போய்விடுகிறது.

தியோடலைட்:
அவசரப்படாதீர்கள். நான் நில அளவைக்காரன். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கம் அளவைக் கருவிகள் இந்த அலகில்தான் காட்டும், அங்கே இதற்கு 'கோன்' என்று பெயர். 73.4521 கோன் என்று ஒரு வாசிப்பு வந்தால் அப்படியே கூட்டலாம், கழிக்கலாம். எதிர்த்திசைக் கோணம் வேண்டுமா, 200 கூட்டினால் முடிந்தது. அதையே டிகிரியில் எழுதினால் 66 டிகிரி 6 நிமிடம் 24.8 நொடி, இனி ஒவ்வொரு கூட்டலுக்கும் அறுபது அறுபதாகக் கடன் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும், களத்தில் பிழை நுழைவது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது யாரோ போகிறபோக்கில் சேர்த்த அலகு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் மீட்டர் வந்தபோதே கூடவே வந்தது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 1 கோடி மீட்டர் என்று வைத்தார்கள், அந்தக் கால் வட்டம் 100 கிரேடியன், ஆக தரையில் 1 கிரேடியன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடிக்கும்.

எங்களை மாதிரி ஆட்கள் குறைவுதான். ஆனால் எது குறை என்றாலும் புகார் எழுதுகிற பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் சத்தமே வராது.

பழையகோப்பு:
இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் முக்கியமான கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை. சேமித்து வைத்த நிரல்கள் என்ன ஆகும்? கோப்பில் 'கிரேடியன்' என்று பதிந்திருக்கிறது, புதிய பதிப்புக்கு அது புரியவில்லை, உடனே இயல்பு மோடான டிகிரிக்குப் போய்விட்டது என்று வையுங்கள். டான் 50 என்று 1 வர வேண்டிய இடத்தில் 1.19 வரும். பிழைச்செய்தி இருக்காது, எச்சரிக்கை இருக்காது. கணித மென்பொருளில் இதைவிட மோசமான கோளாறு வேறு இல்லை. நின்றுபோனால்கூட மனிதர் கவனிப்பார், தப்பான விடையை நம்பிவிடுவார்.

பைத்தான் நிரல்மொழிக்கான கணிதத் தொகுப்பான நம்பை (NumPy) செய்ததைப் பாருங்கள். வட்டி, தவணை கணக்கிடும் நிதிச் சார்புகளை 2019இல் வந்த 1.18 பதிப்பில் 'இது போகப்போகிறது' என்று எச்சரிக்கையோடு ஓடவிட்டார்கள், 1.20இல்தான் எடுத்தார்கள். எடுத்ததைக் குப்பையில் போடாமல் தனித் தொகுப்பாகக் கொடுத்தார்கள். வேண்டியவர் ஒரு வரி மாற்றினால் போதும்.

அப்புறம் நிரல் பராமரிப்புச் சுமை பற்றி. மூன்று கிளை ஏன்? முழு வட்டத்துக்கு எத்தனை அலகு என்ற ஒரே எண்ணை அளவுருவாக வையுங்கள், 360 அல்லது 400. கால் வட்டங்களை அந்த அலகிலேயே முதலில் கழித்துவிட்டு, மீதியை மட்டும் ரேடியனாக்கினால் சைன் 180, சைன் 200 இரண்டுமே சுத்தமாக 0 தரும். டிகிரிக்கு இதை எப்படியும் செய்துதான் ஆக வேண்டும், கிரேடியன் அதோடு இலவசமாக வந்துவிடும்.

மூலநிரல்:
கோப்பு விஷயம் எங்கள் பேச்சில் வரவே இல்லை, நன்றி. இப்போது எனக்குத் தோன்றுவது: மோடு பட்டனில் டிகிரியும் ரேடியனும் மட்டும், கிரேடியன் அமைப்புகளுக்குள் போகட்டும், போட்டிருந்தால் திரையில் எப்போதும் தெரியட்டும். பழைய கோப்பு எப்போதும்போல் ஓடும். கிளைகளை ஒன்றாக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன்.

வகுப்பறை:
பட்டனில் இல்லையென்றால் எனக்கு அது போதும்.

தியோடலைட்:
அமைப்புகளில் ஒருமுறை மாற்றினால் அடுத்த முறை திறக்கும்போதும் அப்படியே இருக்குமா? இருந்தால் எனக்கும் சம்மதம். சோதிக்க ஆள் வேண்டுமென்றால் என் அளவைக் கணக்குகளை வைத்து ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.