தெருவில் நடைபாதை கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள், பணம் எங்கேதான் இருக்கிறது?

தண்டையார்பேட்டை தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டிலிருந்து தண்டையார்பேட்டை மெட்ரோ நடந்து போகிற தூரம்தான், ஆனால் நடக்கத்தான் வழியில்லை. மழைநீர் வடிகால் கட்டினார்கள், அதன் மூடியையே நடைபாதை என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் மூடி முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது, அடுத்த வீட்டில் ரோட்டு மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது, நடுவில் கரண்ட் பில்லர் பாக்ஸ், அதைச் சுற்றிக்கொண்டு போனால் பைக் ஏற்றுவதற்கு யாரோ போட்ட சிமென்ட் சறுக்கு. அம்மா கைத்தடி வைத்து நடப்பவர், வேறு வழியில்லாமல் ரோட்டில் இறங்கிப் போகிறார், பின்னால் தண்ணீர் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார். 2021-இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது, அந்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஆட்டோ வேண்டியிருக்கிறது!

தெருக்காரர்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். நிதி இல்லை, அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். பேப்பரைத் திறந்தால் வடசென்னைக்கு ஆயிரக்கணக்கான கோடி என்று போடுகிறார்கள். அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் அதிலிருந்து கேட்க முடியுமா, யாரிடம் எப்போது கேட்பது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பில் எழுதியவர்:

தம்பி, நான் பல வருஷம் ரோடு ஒப்பந்த வேலையில் அளவெடுத்து பில் எழுதியவன், அதை வைத்துச் சொல்கிறேன். முதலில் உங்கள் ரோடு யாருடையது என்று பாருங்கள். மாநகராட்சியில் பேருந்து சாலைகளுக்குத் தனித் துறை, அது ரிப்பன் மாளிகையில் இருக்கிறது, மொத்தமே 387 கிலோமீட்டர் சொச்சம்தான். மற்றபடி 5,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற உட்புறத் தெருக்கள் அந்தந்த மண்டல அலுவலகத்தில் வரும், உங்களுக்கு 4-ஆவது மண்டலம். இது போக நெடுஞ்சாலைத் துறை ரோடுகள் வேறு, எண்ணூர் விரைவுச்சாலை போல தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இருப்பவை வேறு. இடம் மாறிப் போய் மனு கொடுத்தால் எங்களுடையது இல்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் பணம். கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதி உண்டு, 2022 பட்ஜெட்டில் அதை 30 லட்சத்திலிருந்து 35 லட்சமாக்கினார்கள், பிறகும் ஏறியிருக்கிறது. ஆனால் அது வார்டு முழுவதற்கும். விளக்கு, பூங்கா, பள்ளிக்கூடம் என்று போனால் உங்கள் தெருவில் கொஞ்சம் மூடி மாற்றுவதற்குத்தான் மிஞ்சும், முழு நடைபாதையை அதில் எதிர்பார்க்காதீர்கள். ரோட்டுக்குப் பெரிய பணம் சிங்காரச் சென்னை 2.0, நகர்ப்புற சாலை உட்கட்டமைப்பு நிதி மாதிரியான திட்டங்களில் வருகிறது. நீங்கள் பேப்பரில் பார்த்தது வடசென்னை வளர்ச்சித் திட்டம். 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்று அறிவித்து, 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கும்போது 4,181 கோடியாக்கினார்கள். அது பல துறைகளின் வேலைகளைச் சேர்த்த தொகை, குடிநீர், கழிவுநீர், குடியிருப்பு, பஸ் நிலையம், மின்சாரம் எல்லாம் அதற்குள் வரும். ஒருங்கிணைப்பு சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஆகவே அங்கே போய்ப் பொதுவாக நடைபாதை கொடுங்கள் என்று கேட்டுப் பயனில்லை, உங்கள் ரோடு எந்த வேலையில் சேர்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட் வாசிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். வேலைகளின் பட்டியல் அதற்கு முன்னாலேயே உதவிப் பொறியாளர் மேஜையில் எஸ்டிமேட்டாக உருவாகிவிடும். தீபாவளியை ஒட்டியே மனு உள்ளே போய்விட வேண்டும். எஸ்டிமேட்டில் நடைபாதை என்று ஒரு வரி இல்லையென்றால், ஒப்பந்ததாரர் நினைத்தாலும் போட முடியாது, அளவில் இல்லாததற்கு பில் ஆகாது.

கொருக்குப்பேட்டை அக்கா:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். 2014-லேயே சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை கொண்டுவந்தது, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று. நாட்டிலேயே இப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்ற மாநகராட்சி நம்முடையதுதான். அதைக் காட்டித்தான் தி.நகர் பாண்டி பஜாரில் 2019-இல் அவ்வளவு அகலமாக நடைபாதை போட்டார்கள், ஸ்மார்ட் சிட்டி பணத்தில். நம் பக்கத்துக்கும் அதே கொள்கைதான், மனுவில் அதை முதல் பாராவிலேயே எழுதுங்கள்.

அப்புறம் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்கிற கூட்டம். 2022-இல் விதி போட்டு வார்டு கமிட்டியும் பகுதி சபையும் அமைத்தார்கள். முதல் கூட்டம் அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் நடந்தது. நான் விடாமல் போகிறவள், ஆகையால் சொல்கிறேன், வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுங்கள், இந்தத் தெருவில் இத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள், பதிவேட்டில் தீர்மானமாக ஏற்றுங்கள் என்று கேட்டு அங்கேயே உட்காருங்கள். பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனால் எழுதாமல் எழ மாட்டார்கள். பிறகு 10 ரூபாய்க்கு ஆர்டிஐ போட்டு அந்தத் தீர்மானத்தின் நகலையும் எஸ்டிமேட் நகலையும் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

எம்.சி. ரோடு கடைக்காரர்:

எல்லோரும் நடைபாதை நடைபாதை என்கிறீர்கள், எங்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பயம் வருகிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து பழைய வண்ணாரப்பேட்டையில் தள்ளுவண்டியில் துணி போட்டு விற்கிறோம். ஒவ்வொரு முறை ரோட்டை அழகுபடுத்தும்போதும் முதலில் தூக்குவது எங்கள் வண்டியைத்தான். பெரிய கடைக்கு வருகிறவர் காரைக் குறுக்கே நிறுத்தினால் யாரும் தொடுவதில்லை. அம்மா நடக்க வேண்டும், சரி, நியாயம்தான், நாங்களும் பிழைக்க வேண்டும் இல்லையா?

கொருக்குப்பேட்டை அக்கா:

அண்ணே, நீங்கள் சொல்வதை மனுவிலேயே எழுத வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி எங்கே கடை போடலாம் என்று பார்க்கிற நகர விற்பனைக் குழு ஒன்று உண்டு, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். நடப்பதற்கு 1.8 மீட்டர் தடையில்லாமல் வேண்டும் என்பது ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு. அதற்கு வெளியே வண்டிக்கு இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிட்டால் பிறகு எளிதில் தூக்க முடியாது. இடம் போதவில்லையா, கார் நிறுத்துகிற இடத்திலிருந்து எடுக்கட்டும். நடக்கிற ஜனம் இருந்தால்தான் உங்களுக்கும் வியாபாரம்.

பெரம்பூர் சைக்கிள்:

சைக்கிள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் பக்கம் சைக்கிள் ஓட்டுவது பொழுதுபோக்குக்கு இல்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தால் பிள்ளைக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது, அதை எடுத்துக்கொண்டு டிஎச் ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் போகிறது அந்தப் பிள்ளை. என்னைக் கேட்டால் தனிப் பாதை கேட்டு மெனக்கெட வேண்டாம், பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள், அடுத்த வாரமே அதில் பைக் நிற்கும். பள்ளி வாசலில் வண்டிகள் வேகம் குறைக்கும்படி ரோட்டைக் கடக்கிற இடத்தையே உயர்த்திக் கட்டுவது, மெட்ரோ வாசலில் நிழலோடு சைக்கிள் ஸ்டாண்ட், இந்த இரண்டையும் கேளுங்கள், செலவும் குறைவு.

பஸ் ஸ்டாப்பையும் விடாதீர்கள். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்து 120 விட்டார்கள், உலக வங்கி உதவியோடு. நல்ல பஸ், சக்கர நாற்காலியோடு ஏறலாம். ஆனால் ஸ்டாப்பில் ஆட்டோக்கள் நின்றால் பஸ் நடு ரோட்டில் நிற்கிறது, அங்கிருந்து வயதானவர்கள் எப்படி ஏறுவார்கள்? நடைபாதைத் திண்டு ரோட்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் எழுதுங்கள். ரோடு போடும்போது பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார், அதைச் செய்யாவிட்டால் இப்போது சரியாக இருக்கிற மட்டமும் கெட்டுவிடும்.

தண்டையார்பேட்டை தம்பி:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போகிறோம், பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து மெட்ரோ வரைக்கும். மூலையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவையும் கூப்பிட்டிருக்கிறோம், கடை எங்கே நிற்கலாம் என்று அவரே காட்டட்டும். ஒரே ஒரு சந்தேகம், அந்த பில்லர் பாக்ஸை யார் நகர்த்துவது? மின்வாரியத்தில் கேட்டால் மாநகராட்சி சொல்ல வேண்டும் என்பார்கள், அங்கே போனால் இங்கே என்பார்கள் என்று தெருவில் சொல்கிறார்கள்.

பில் எழுதியவர்:

நகர்த்துவது மின்வாரியம், பணம் கட்டுவது கேட்கிறவர். டெபாசிட் வேலை என்பார்கள். நடைபாதை எஸ்டிமேட்டிலேயே அந்தத் தொகையைச் சேர்த்தால் மாநகராட்சி கட்டிவிடும். சேர்க்கவில்லையென்றால் கல் பதித்து முடித்த பிறகும் பெட்டி நடுவிலேயே நிற்கும். வடிகாலும் அப்படித்தான், மூடி மட்டம் சரிசெய்வதைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் ஒரு நம்பர் எழுதியிருக்கும், அளக்கப் போகும்போது அதையும் குறித்துக்கொண்டு போட்டோவோடு மனுவில் வையுங்கள். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வந்துவிடாதீர்கள்.