20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் இசே கோயில் பழமையானதா?

கல்தூண்:
ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் கோயில்கள் என்று பேச்சு எடுத்தாலே "1300 வருடப் பழமையான இசே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இன்று அங்கே நிற்கும் கருவறை 2013இல் கட்டி முடித்தது. 2033இல் பக்கத்து மனையில் புதியது எழும்பும், அப்புறம் இதைப் பிரித்துவிடுவார்கள். உண்மையான பழமையைப் பார்க்க வேண்டுமா? கியோட்டோவுக்குத் தெற்கே உஜி ஊரில் இருக்கும் உஜிகாமி கோயிலுக்குப் போங்கள். மர வளையங்களை ஆராய்ந்து, அதன் மரங்கள் 1060ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தச்சரின் உளி பட்ட மரமே இன்றும் நிற்கிறது. அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். இசேயின் கருவறைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

தச்சன்மகள்:
கல்தூண் அண்ணா, உஜிகாமியின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் கூரையைப் பாருங்கள், முன்பக்கம் நீண்டு வளைந்து இறங்கும். பௌத்த விகாரங்கள் வந்த பிறகு பரவிய பாணி அது. இசேயில் வளைவே கிடையாது. நேர்கோட்டில் இறங்கும் புல் கூரை, உயர்த்திய தளம், அடிக்கல் இல்லாமல் மண்ணில் நட்ட ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத் தூண்கள். நெற்களஞ்சியத்தின் வடிவம் அது. பேரரசி ஜிதோ காலத்தில், 690இல், முதல் புதுப்பிப்பு நடந்தபோதே விகாரங்களில் கல்மேல் தூண், ஓட்டுக் கூரை என்று வந்துவிட்டது. இசே மாறவில்லை. மண்ணில் நட்ட தூண் அடியில் மட்கத்தான் செய்யும். அந்த முறையே வேண்டும் என்றால் திரும்பத் திரும்பக் கட்டித்தான் ஆக வேண்டும்.

முகட்டைத் தாங்கும் தூண் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பக்கச் சுவருக்கு வெளியே, சுவரைத் தொடாமல், லேசாக உள்நோக்கிச் சாய்ந்து தனியாக நிற்கும். புதிதாகக் கட்டும்போது அதன் தலைக்கும் முகட்டு உத்தரத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுவார்கள். வருடங்கள் போகப் போக சுவர்ப் பலகைகள் காய்ந்து சுருங்கும், கூரை கீழே இறங்கும், உத்தரம் தூணில் வந்து உட்காரும். மரம் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் போட்ட கணக்கு. இந்த அறிவு மரத்தில் இல்லை, கையில் இருக்கிறது.

வடகரை வேலு:
கை கைமாறாத காலமும் இருந்ததே? உள்நாட்டுப் போர்களால் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் 120 வருடங்களுக்கும் மேல், இசேயின் இரண்டு முக்கிய ஆலயங்களில் ஒன்றான உள் ஆலயத்தில் புதுப்பிப்பு நின்றுபோனது. 1585இல்தான் மீண்டும் நடந்தது. அதற்குள் பழைய தச்சர்கள் பல தலைமுறை கடந்து போயிருப்பார்கள். அப்புறம், கருவறையைச் சுற்றிய கைப்பிடியில் ஐந்நிற உருண்டைகள் வைத்திருக்கிறார்களே, அது பௌத்தச் செல்வாக்கு என்று அறிஞர்களே சொல்கிறார்கள். உலோகப் பூண்களும் அப்படித்தான். கட்டடங்களை வைக்கும் அமைப்பு மெய்ஜி காலத்திலும் (1868–1912) மாறியிருக்கிறது. "மாறவே இல்லை" என்று சொன்னால் எப்படி?

தச்சன்மகள்:
வேலு அண்ணா, உருண்டைகள், பூண்கள் எல்லாம் மேலே ஏறிய அலங்காரம். எலும்புக்கூட்டைப் பாருங்கள். 804இலேயே கோயில் தன் கட்டடங்களையும் சடங்குகளையும் எழுதிப் பதிந்து வைத்திருக்கிறது. இடைவெளிக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு அந்த ஏடு இருந்தது. உள் ஆலயத்துக்கு முகட்டின் மேல் குறுக்குக் கட்டைகள் 10, வெளி ஆலயத்துக்கு 9. கூரைக்கு மேலே நீளும் குறுக்குச் சட்டங்களின் நுனி உள் ஆலயத்தில் கிடையாக வெட்டியிருக்கும், வெளி ஆலயத்தில் செங்குத்தாக. இந்த வித்தியாசத்தைக்கூட விடாமல் காப்பாற்றுகிறார்கள்.

கல்தூண்:
சரி, கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் 10,000க்கும் மேற்பட்ட ஹினோக்கி மரங்கள், பெரும்பாலும் மத்திய ஜப்பானின் கிசோ மலைகளிலிருந்து. ஒரு பெருந்தூணுக்கு ஏற்ற மரம் வளர 200 வருடம் ஆகும், அதைக் கோயில் 20 வருடத்தில் இறக்கிவிடுகிறது. பாரம்பரியம் என்ற பெயரில் இது எனக்கு வலிக்கிறது.

தச்சன்மகள்:
இறக்கிய மரத்தை யாரும் விறகாக்குவதில்லை அண்ணா. முகட்டுத் தூண்களைச் சீவி, இசே உள் ஆலயத்துக்குப் போகும் வழியிலுள்ள உஜி பாலத்தின் (நீங்கள் சொன்ன உஜி ஊர் வேறு) இரு முனைகளிலும் தோரண வாயில்களாக நிறுத்துகிறார்கள். அங்கே 20 வருடம் நின்ற பிறகு அவை செகி, குவானா ஊர்களுக்குப் போகின்றன. மற்ற மரங்கள் நாடெங்கும் உள்ள கோயில்களுக்கு. காட்டைப் பற்றிச் சொன்னீர்கள். 1923இலேயே கோயில் தன் சொந்த மலையில் 200 வருடத் திட்டம் போட்டு ஹினோக்கி நட ஆரம்பித்தது. 2013இல் தேவைப்பட்ட மரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்தக் காட்டிலிருந்தே வந்தது.

வடகரை வேலு:
நடுவழி ஒன்று இருக்கிறது. நாரா நகரின் கசுகா கோயிலிலும் 20 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு உண்டு. ஆனால் இன்றைய கருவறைகள் 1863இல் கட்டியவை. தேசியப் பொக்கிஷம் ஆனதால் இப்போது முழுதாகத் திரும்பக் கட்டுவதில்லை, கூரையும் வண்ணமும் பழுதும் மட்டும்தான். மரமும் பிழைக்கிறது, சடங்கும் நடக்கிறது. இசேயும் இதைச் செய்யலாம்.

தச்சன்மகள்:
கசுகாவின் தூண்கள் கல் அடித்தளத்துக்கு மேலே மரச்சட்டத்தில் நிற்பவை, அதனால் அது முடியும். இசேயில் இந்த யோசனையை எடுத்தால் முதலில் தூணை மண்ணிலிருந்து தூக்கிக் கல்மேல் வைக்க வேண்டும். அன்றைக்கே இசே பாணி முடிந்தது. 2033க்கான சடங்குகள் 2025இல் தொடங்கிவிட்டன. கிசோ காட்டில் முதல் மரங்களைக் கோடாலியாலேயே வெட்டினார்கள். அடிமரத்தில் மூன்று பக்கம் துளைத்து, நடுவைக் குடைந்து, மூன்று கால்களில் மரத்தை நிறுத்தி, கடைசிக் காலை வெட்டி நினைத்த திசையில் சாய்க்கும் முறை. சுற்று நின்றால் அந்தக் கோடாலியைப் பிடிக்க யாருக்கு அண்ணா பழக்கம் இருக்கும்?

கல்தூண்:
பழக்கம் வேறு, கட்டடம் வேறு தங்கச்சி. தச்சுக்கலை பழமையானது என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கட்டடத்தின் வயதைக் கேட்டால் 2013 என்றுதான் எழுதுவேன்.