ஃபைபர் படகுப் பட்டறை: மேந்தலைச் செலவை ஒவ்வொரு வேலைக்கும் எப்படி ஏற்றுவது?

படகுத்துறை (கேள்வி):
திருகோணமலையில் படகு கட்டும், பழுதும் பார்க்கும் பட்டறை. வாடகை, கரண்ட், மேற்பார்வையாளர் சம்பளம், அச்சுகளின் பெறுமானத் தேய்வு என்று எந்த ஒரு படகுக்கும் தனியாகச் சேராத பொதுச் செலவு (மேந்தலை) எல்லாம் மாதம் 2 லட்சம். அதை அந்தந்த மாத வேலை மணியால் பிரிக்கிறோம். ஜூனில் 800 மணி, வீதம் 250 ரூபா. டிசம்பரில் 320 மணிதான், வீதம் 625. 120 மணி எடுக்கும் அதே படகுக்கு மேந்தலை 30,000 ஆகவும் வருகிறது, 75,000 ஆகவும் வருகிறது. கூலியில் சதவீதமாகப் போட்டால் சரிவருமா?

கிரயக்காரன்:
மாத வீதத்தை முதலில் விடுங்கோ. மாரியில் ஈரத்துக்கு ரெசின் (ஃபைபரைப் பிடிக்கும் பிசின்) ஒழுங்காக இறுகாது, வேலை குறையும், வாடகை குறையாது. சும்மா கிடந்த நேரத்தின் செலவை டிசம்பரில் வரும் நாலு சம்மாட்டிமாரின் (படகு முதலாளிமாரின்) தலையில் கட்டினால் அவர்கள் திரும்பிப் போவார்கள். மணி இன்னும் குறையும், வீதம் இன்னும் ஏறும்.

வருடத் தொடக்கத்தில் பாதீடு போடுங்கோ: 24 லட்சம் ÷ 8,000 மணி = 300. பன்னிரண்டு மாதமும் அதுதான். படகுக்கு 36,000. அந்த 8,000, சம்பளம் கொடுத்த மணி அல்ல. லீவு, மழை, தேத்தண்ணி நேரம் கழித்து வேலை அட்டையில் (ஒவ்வொரு படகின் செலவையும் தனியாக எழுதும் அட்டை) ஏறும் மணி.

நெய்தல்:
கூலிச் சதவீதம் வேண்டாம். கூலி சராசரி மணிக்கு 400 என்றால் வருடத்துக்கு 32 லட்சம், மேந்தலை அதில் 75%. 600 ரூபா தேர்ந்த வேலையாள் ஒரு மணி வேலை செய்தால் 450 ஏறும், 300 ரூபா உதவியாள் செய்தால் 225. இருவரும் பிடிப்பது அதே கொட்டில், அதே வெளிச்சம். கடைசல் மெஷின் இருந்தால் அதற்கு மட்டும் தனியாக மெஷின் மணி வீதம்.

இன்னொன்று: ரெசின், மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ஜெல்கோட் (வெளிப்பூச்சு) மூன்றையும் நிறுத்துப் பார்த்து, அந்தப் படகின் வேலை அட்டையில் எழுதோணும். பிரஷ், அசிட்டோன் மேந்தலையில். பலர் இரண்டிலும் எழுதி ஒரே செலவை இருமுறை ஏற்றுகிறார்கள்.

கிரயக்காரன்:
விலையிலும் ஒரு வழுக்கல் உண்டு. பொருள் 2,16,000, கூலி 48,000, மேந்தலை 36,000. கிரயம் 3 லட்சம். விற்பனையில் 20% இலாபம் வேண்டுமென்றால் 0.8 ஆல் பிரித்து 3,75,000. கிரயத்தோடு 20% கூட்டினால் 3,60,000 தான்.

படகுத்துறை:
வருட முடிவில் உண்மைச் செலவு 25 லட்சம், மணி 7,600 என்று வந்தால்?

நெய்தல்:
ஏற்றியது 22,80,000. குறை உறிஞ்சல் (எந்த வேலையிலும் ஏறாமல் மிஞ்சிய மேந்தலை) 2,20,000. அதை அந்த வருட விற்பனைக் கிரயத்தில் எழுதுங்கோ, முடியாத படகுகளில் ஏற்றாதீங்கோ. இருப்புகளுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்.கே.ஏ.எஸ். 2 உம் நிலையான மேந்தலையைச் சாதாரண கொள்ளளவில்தான் (வழக்கமாகச் செய்யக்கூடிய வேலை அளவில்தான்) இருப்புக்கு ஏற்றச் சொல்கிறது. அடுத்த வருட வீதத்துக்கு 7,600 மணியிலிருந்து தொடங்கலாமா என்பதை மட்டும் பாருங்கோ. ஒரு வருடம் மழை கூடியதென்றால் 8,000 ஐ விடவேண்டியதில்லை.