1951 செவர்லே 3100: பின் ஆக்சிலை இனங்கண்டு மாற்றுவது குறித்து

கேள்வி

வணக்கம். என்னிடம் 1951-ஆம் ஆண்டு செவர்லே 3100 அரை டன் டிரக் ஒன்று இருக்கிறது. 216 கன அங்குல எஞ்சினும் மூன்று கியர் பெட்டியும் மாற்றப்படாமல் அப்படியே உள்ளன. மணிக்கு 50 மைலைத் தாண்டியதும் எஞ்சின் அலறத் தொடங்குவதால், பின் ஆக்சிலை மாற்ற விரும்புகிறேன். ஆனால் இப்போது இருப்பது எந்த ஆக்சில் என்றே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கியர்பாக்ஸிலிருந்து ஆக்சில் வரை ஒரு தடித்த குழாய்தான் ஓடுகிறது. சுழலும் ஷாஃப்ட் எங்கும் கண்ணில் படவில்லை. ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டாப் கியரில் வைத்து, அதை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தபோது எஞ்சின் கப்பி இரண்டு சுற்றுக்குச் சற்று மேல்தான் சுற்றியது. அப்படியானால் ஆக்சில் விகிதம் (சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை) 2 என்று கொள்வதா? ‘3எல்73’ என்று தகடு அடித்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை நேரடியாகப் பொருத்த முடியுமா?

பதில் 1

உங்கள் கணக்குத் தவறவில்லை; பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பில்) ஒரு சக்கரம் தரையில் நிற்க, மற்றது ஒரு சுற்று சுற்றினால், ஆக்சிலின் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீல் அரைச் சுற்றுதான் சுற்றும். ஆகவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, டயரிலும் கப்பியிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கப்பி நான்கு சுற்றும் அதற்கு மேல் ஒன்பதில் ஒரு பங்கும் சுற்றினால் விகிதம் 4.11, அதாவது கிரௌன் வீலில் 37 பல், ஷாஃப்டின் முனையிலிருந்து அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 9 பல். அரை டன் வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே வந்த விகிதம் அதுதான். டாப் கியர் நேரடி இணைப்பு என்பதால் கப்பியின் சுற்றே பினியனின் சுற்று.

நீங்கள் பார்த்த தடித்த குழாய்க்கு டார்க் டியூப் என்று பெயர். ஷாஃப்ட் அதற்குள் ஓடுகிறது. 1954 மாடல் வரை அரை டன் செவர்லே டிரக்குகள் இப்படித்தான் வந்தன. அதே காலத்து முக்கால் டன் வண்டியில் ஷாஃப்ட் வெளியே தெரியும், சக்கரத்துக்கு எட்டு போல்ட் இருக்கும். உங்களுடையதில் ஆறு போல்ட் இருந்து, எதிரெதிர் போல்ட்டுகளின் நடு 5.5 அங்குல இடைவெளியில் இருந்தால், அது அசல் அரை டன் ஆக்சில் என்றே கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். இந்த அமைப்பில் ஆக்சில், குழாய், கியர்பாக்ஸின் பின்முனை மூன்றும் ஒரே உடம்பு; வண்டியை முன்னே தள்ளும் விசையையே அந்தக் குழாய்தான் தாங்குகிறது. எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலுக்குத் திறந்த ஷாஃப்ட் வேண்டும். திறந்த ஷாஃப்டுக்கு வேறு கியர்பாக்ஸ் வேண்டும். ஆக்சிலை மட்டும் மாற்றுவது என்ற வழியே கிடையாது.

பதில் 2

அந்த முழு மாற்றத்தையும் நான் செய்திருக்கிறேன். ஐந்து கியர் டி5 பெட்டியுடன் எக்ஸ்ப்ளோரர் 8.8 அங்குல ஆக்சிலைப் பொருத்தினேன். தகட்டில் உள்ள ‘எல்’ என்ற எழுத்து லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) என்பதையும், அதன் இருபுறமும் உள்ள எண்கள் 3.73 என்ற விகிதத்தையும் குறிக்கின்றன. 1995 முதல் 2001 வரையிலானவற்றில் டிஸ்க் பிரேக்கும் 31 ஸ்ப்ளைன் (முனையில் 31 பல்வரிகள் கொண்ட) ஷாஃப்டும் கிடைப்பதால் அது நல்ல சரக்குதான். ஆனால் அதன் பினியன் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். சக்கர போல்ட்டும் ஐந்து, 4.5 அங்குல வட்டத்தில். முன்னே ஆறு, பின்னே ஐந்து என்றானால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது.

என் பெரிய தவறு வெல்டிங்கில் நேர்ந்தது. சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை முழுமையாக வெல்டு செய்துவிட்டேன். வண்டி தரையில் இறங்கி, ஸ்பிரிங் வண்டியின் எடையை ஏற்றதும் பினியனின் கோணம் மாறிப்போனது. 45 மைல் வேகத்தில் இருக்கையின் அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, தரைத்தகட்டில் வைத்த பாதம் கூசும் அளவுக்கு ஏறியது. எல்லாவற்றையும் அறுத்தெடுத்து மறுபடி செய்தேன். வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இருக்கும்போது, கியர்பாக்ஸின் வெளிமுனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்படி வைத்து, பினியன் மூக்கை ஓரிரு டிகிரி மட்டும் தாழ்த்தி, முதலில் புள்ளி வெல்டு வைத்துச் சரிபாருங்கள். பிறகு சிறிது சிறிதாக, ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டு செய்யுங்கள். இல்லையெனில் ஆக்சில் குழாய் வளைந்துவிடும்.

பிரேக்கையும் மறக்க வேண்டாம். பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் உங்கள் மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குத் தாழ்வாக இருப்பதால், எண்ணெய் பின்னோக்கி வடியாமலிருக்க பின் பிரேக் குழாயில் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தம்) தடுப்பு வால்வு அவசியம்.

பதில் 3

எஞ்சினை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. டார்க் டியூப்பைக் கழற்றி, பழைய ஆக்சிலுக்குள்ளேயே பொருந்தும் 3.55 விகித கிரௌன்-பினியன் ஜோடி புதிதாகவே கிடைக்கிறது. 28 அங்குல உயர டயரில் மணிக்கு 60 மைல் போக, 4.11 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,960 சுற்று சுற்றுகிறது, 3.55 போட்டால் அது 2,560 ஆகக் குறையும். 216 எஞ்சினின் கனெக்டிங் ராடுகளில் உருக்கி ஊற்றிய பேபிட் என்ற மென்மையான கலப்பு உலோகமே பேரிங்காக இருக்கிறது, அதற்கான எண்ணெயும் அள்ளித் தெளிக்கும் முறையில்தான் சேர்கிறது. நீண்ட நேரம் உயர் சுற்றில் ஓட்டுவதால் முதலில் தேய்வது அதுதான். இந்த 400 சுற்றுக் குறைவு அந்த எஞ்சினுக்குப் பெரிய நிம்மதி. அதற்காக 3.08 வரை போய்விடாதீர்கள். மேட்டில் சுமையோடு கிளம்பும்போது கிளட்சைத்தான் தேய்ப்பீர்கள்.

கிரௌனுக்கும் பினியனுக்கும் இடையிலான பல் இடைவெளியைக் கைப்பழக்கத்தால் தீர்மானிக்காமல் டயல் கேஜ் வைத்து அளந்து, பற்களில் நிறமிப் பசை தடவி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். ஸ்பீடோமீட்டர் கியரையும் மாற்றாவிட்டால், வண்டி 60 மைலில் ஓடும்போது முள் 52 தான் காட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். கப்பியின் கோடு நான்கு சுற்று கடந்து, சுமார் 40 டிகிரி தள்ளி நின்றது. ஆறு போல்ட், 5.5 அங்குலம் என்பதும் சரியாக இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன், 3.55 ஜோடியையும், அதனுடன் புதிய பினியன் பேரிங்குகளையும் சீல்களையும் வாங்கப் போகிறேன்.