துணிக்கடையில் உட்கார இடம் கேட்டுப் புகார் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். காலை 9.30-க்கு நின்றால், சாப்பாட்டு நேரம் தவிர, ராத்திரி 9 மணிக்குத்தான் கால் மடங்கும். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்துவிட்டது. வெரிகோஸ், அதிக நேரம் நிற்காதே என்கிறார் டாக்டர். சரி, நிற்காமல் சேலையை எப்படி விரித்துக் காட்டுவது?

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் தளத்திலும் ஸ்டூல் போட்டார்கள்: பதினான்கு பேருக்கு மூன்று. கூட்டமில்லாத மதியத்தில் உட்கார்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்து நிற்பார். இப்போது அதில் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

தொழிலாளர் துறையில் பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்க வழி உண்டா? ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும் பெட்டிகளை இறக்கிவிடுவார்களோ என்று பயம். புகார் கொடுத்து நிஜமாகவே மாற்றம் பார்த்த அக்கா, தங்கைகள் சொல்லுங்கள். அப்புறம், டாக்டர் எழுதிக் கொடுத்த இறுக்கமான காலுறையை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் யாராவது? வெயிலில் தாங்குமா?