பதில்: ஏர்-போன் கேப், போர்ப், டோர்ப்: பட்டியல்ல ஏத்துறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம்.

காது டெஸ்ட்ல வர்ற ஏர்-போன் கேப்ங்கிற நம்பருக்குத் தமிழ்ல "காற்று-எலும்பு இடைவெளி"ன்னு போட்டு, நம்ம மருத்துவச் சொல் பட்டியல பாத்துக்கிற ஐயா விவாதத்த முடிச்சு வச்சிட்டாரு, பட்டியல்லயும் ஏத்தப் போறதா எழுதியிருக்காரு. கொஞ்சம் பொறுங்க ஐயா, அத ஏத்த வேணாம்னு கேக்கத்தான் இந்த மடல். நான் மதுரைல காது கேக்குற டெஸ்ட் எடுக்குற வேலைல இருக்கேன், வர்றவங்க முக்காவாசி உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்து சனங்க, சின்ன வயசுல இருந்தே காதுல சீழ் வடிஞ்சு அத பெருசா எடுத்துக்காம கண்மாய்ல குளிச்சு வளந்தவங்க, அவங்க கைல ஆடியோகிராம (எந்தச் சத்தம் எவ்வளவுல கேக்குதுன்னு காட்டுற டெஸ்ட் தாள) குடுத்து ஆபரேஷன் பண்ணா என்ன கிடைக்கும் என்ன கிடைக்காதுன்னு சொல்லணும். அதுக்கு ஒரு நோட்டீஸ் தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், அங்கதான் இந்தச் சொல் முட்டுது.

இடைவெளின்னு சொன்ன உடனே ஆளு என்ன நினைக்கிறாருன்னா காதுக்குள்ள எங்கயோ சந்து விழுந்துருச்சு, டாக்டர் அத அடைக்கப் போறாருன்னு. இதுல வம்பு என்னன்னா நெசமாவே சந்து இருக்கும். நாள்பட்ட சீழ்ல சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு சிற்றெலும்புல பெரும்பாலும் முதல்ல அரிபடுறது பட்டடையோட நீள முனைதான், அது அரிச்சுப் போனா அங்கவடிக்கு எட்டாம நிக்கும். அதனால அவரு நினைச்சது சரின்னே அவருக்குப் படும். ஆனா ஏர்-போன் கேப்ங்கிறது அந்தச் சந்து கிடையாது, அது வெறும் கழித்தல் கணக்கு, மில்லிமீட்டர்ல வராது, டெசிபல்ல வரும்.

கணக்கு இவ்வளவுதான். ஹெட்போன் மாட்டி சத்தம் குடுத்தா அது காதுக்குழாய், செவிப்பறை, சிற்றெலும்பு எல்லாம் தாண்டி உள்காதுக்குப் போகணும், அது காத்துவழி. காதுக்குப் பின்னாடி எலும்பு மேல வைப்ரேட்டர வச்சா சத்தம் நடுக்காத பெருசா நம்பாம மண்டையோடு வழியா நேரா உள்காதுக்குப் போயிரும், அது எலும்புவழி. காத்துவழி 50 டெசிபல்ல கேக்குது, எலும்புவழி 15லயே கேக்குதுன்னா கேப் 35. உள்காது நல்லாருக்கு, வர்ற வழியில 35 காணாமப் போகுதுன்னு அர்த்தம். செவிப்பறை முழுசா இருந்து உள்ள எலும்புத்தொடர் மட்டும் அறுந்து கிடந்தா இது 60 வரைக்கும் கூடப் போகும், ஏன்னா சத்தத்த தூக்கிவிட எலும்புத்தொடரும் இல்ல, மூடுன கதவு மாதிரி நிக்கிற செவிப்பறைய தாண்டவும் முடியல. 512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்க (தட்டினா ஒலிக்கிற இரும்புக் கவைய) காதுக்கு முன்னாடி காட்டிட்டு பின்னாடி எலும்புல வச்சுப் பாருங்க, "பின்னாடி வச்சாத்தான் நல்லா கேக்குது சார்"னு அவங்களே சொல்லிருவாங்க. ரெண்டு வழிங்கிறத தனியா புரிய வைக்க வேண்டியதே இல்ல.

இப்ப "வழியிழப்பு"ன்னு தம்பி ஒருத்தர் எழுதியிருந்தாரு. சத்தத்துக்கு நல்லாருக்கு, இலக்கணத்துல இடிக்குது தம்பி. உயிரிழப்பு, பார்வையிழப்பு, பொருளிழப்பு எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிறதத்தான் இழக்கிறோம், அப்ப வழியிழப்புன்னா வழிய தொலைச்சிட்டு நிக்கிறதுன்னு ஆயிரும். "கடத்தல் குறை"யும் வந்துச்சு. பாடப்புத்தகத்துல கடத்தல்ங்கிறது சரியான சொல்தான், ஆனா பேப்பர் படிக்கிற ஆளுகிட்ட போய் உங்க காதுல கடத்தல் நடக்குதுன்னு சொல்லிப் பாருங்க, அவருக்கு ஏர்போர்ட்ல தங்கம் பிடிச்ச நியூஸ்தான் ஞாபகம் வரும்.

அதனால நான் சொல்றது "சேதாரம்". ஏற்கெனவே தெற்காவணி மூல வீதில நகை எடுத்த யாருக்கும் இதுக்கு விளக்கம் தேவையில்ல, செய்யிற வழியில எவ்வளவு தங்கம் போச்சுங்கிறதுதான் சேதாரம், வர்ற வழியில எவ்வளவு சத்தம் போச்சுங்கிறதும் அதேதான். பட்டியலுக்கு முழுசா வேணும்னா "வழிச்சேதாரம்"னு போடுங்க. "ஆபரேஷனுக்கு முன்னாடி சேதாரம் 35, இப்ப 15"னு சொன்னா பாட்டிக்கும் புரியும். சுத்தமா பூஜ்யம் ஆகணும்னும் யாரும் எதிர்பாக்க மாட்டாங்க, சேதாரம் இல்லாத நகைக்கடை எங்க இருக்கு.

இந்த எதிர்பார்ப்பு விஷயம்தான் எனக்கு முக்கியம். அரிச்சுப்போன சிற்றெலும்புக்குப் பதிலா டைட்டானியம் வச்ச ஆபரேஷன்ல வழக்கமா வெற்றின்னு எண்ணுறது, கேப் 20 டெசிபலுக்குள்ள வந்துச்சான்னு பாத்து. இப்ப ஒரு பெரியவருக்கு காத்துவழி 75, எலும்புவழி 45ன்னு வச்சுக்கோங்க, வயசுல உள்காதும் தேஞ்சு போச்சு. ஆபரேஷன் அருமையா நடந்து காத்துவழி 55 ஆயிருச்சு, கேப் 10. ரிப்போர்ட்ல பெரிய வெற்றி. ஆனா அவருக்கு இன்னும் காது மிஷின் மாட்டாம பேச்சு புடிபடாது. "இடைவெளி மூடியாச்சு"ன்னு தமிழ்ல எழுதிக் குடுத்தா காது கேக்க ஆரம்பிச்சிருச்சுன்னுதான் அந்த வீட்ல படிப்பாங்க, அப்பறம் ஏன் மிஷின்னு சண்டைக்கு வருவாங்க, வரவும் செஞ்சிருக்காங்க. சேதாரம் 10 தான், ஆனா சரக்கே உள்ள கம்மின்னு சொன்னா கோவம் வராது.

அடுத்து போர்ப் (PORP), டோர்ப் (TORP), சிற்றெலும்புக்குப் பதிலா வைக்கிற அந்த டைட்டானியத்துல ரெண்டு வகை. பட்டியல்ல "பகுதிச் செவிச்சிற்றெலும்பு மாற்றுறுப்பு", "முழுச் செவிச்சிற்றெலும்பு மாற்றுறுப்பு"ன்னு இருக்கு. மூச்சு வாங்குதுங்கிறது ஒரு பக்கம். பகுதி, முழுன்னு ரெண்டு சொல்ல எதுக்க எதுக்க வச்சா எந்த ஆளு பகுதிய கேப்பாரு? "எனக்கு மட்டும் ஏன் பாதி, காசு ஆனாலும் பரவால்ல முழுசு வைங்க"ன்னு கேட்டவங்க உண்டு. நெலமை நேர் தலைகீழ். போர்ப் வைக்கிறாங்கன்னா அங்கவடி எலும்பு இன்னும் நல்லா நிக்குது, அதோட தலை மேலயே டைட்டானியத்த உக்கார வைக்கலாம்னு அர்த்தம். டோர்ப் வைக்கிறாங்கன்னா அங்கவடியோட மேல்பாகமே அரிச்சுப்போய் அடித்தட்டு மட்டும் மிச்சம், செவிப்பறைல இருந்து அந்தத் தட்டு வரைக்கும் நீளமா எட்டணும், நிக்க வைக்கிறதும் சிரமம், அசைஞ்சு சாயவும் வாய்ப்பு சாஸ்தி. பொதுவா கேக்குற ரிசல்ட் போர்ப்புக்குத்தான் மேல வருது. அப்ப "முழு"ங்கிற சொல்லு ஆசை காட்டி ஏமாத்துது.

நீளத்த வச்சே பேர் வைங்க. குறில் நெடில்னு பள்ளிக்கூடத்துல படிச்ச ஜோடிதான், குறுந்தண்டு, நெடுந்தண்டு. ரெண்டும் நெசத்துல அப்படித்தான் இருக்கு, போர்ப் குட்டை, டோர்ப் நீளம். முதல்ல "முட்டு"ன்னு வைக்கலாம்னுதான் எழுத ஆரம்பிச்சேன், குறுமுட்டு நெடுமுட்டுன்னு கேக்க நல்லாவும் இருந்துச்சு, ஆனா இப்ப இணையத்துல முட்டு குடுக்குறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். "செயற்கை எலும்பு"ன்னும் தயவுசெஞ்சு எழுதாதீங்க. அது எலும்பே இல்ல, சில மில்லிகிராம் எடையில ஒரு உலோகம். எலும்புன்னு சொன்னா செத்தவங்க எலும்பான்னு கேக்குறாங்க. போதாததுக்கு நோயாளியோட சொந்த பட்டடையவே எடுத்து செதுக்கி திருப்பி வைக்கிற முறையும் இருக்கு, அங்க எலும்புங்கிற சொல்லு நெசமா வேணும்.

விடைபெறுறேன், மறுப்பு இருந்தா நல்லா திட்டியே எழுதுங்க.

———

> பட்டியலுக்கு முழுசா வேணும்னா "வழிச்சேதாரம்"னு போடுங்க

குறுந்தண்டு, நெடுந்தண்டு இரண்டும் அழகு, மறுபேச்சில்லை, இன்றே ஏற்றுகிறேன். சேதாரம்தான் உறுத்துகிறது. சேதம் வடசொல் என்பது ஒன்று, கடைக்காரன் நம்மை ஏய்க்கும் வாடை அந்தச் சொல்லில் அடிக்கிறது என்பது இன்னொன்று. மருத்துவர் மீது நோயாளிக்கு ஐயம் வராதா? மேலும், ஆங்கிலக் கட்டுரை படித்துவிட்டு வரும் மாணவன் "காற்று-எலும்பு" என்று தேடினால்தானே பட்டியலில் கிடைக்கும்?

———

ஐயா, சேதாரத்த நோயாளி டாக்டர் மேல ஏத்த மாட்டாரு, ஏன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே டெஸ்ட்ல நான் அந்த நம்பர எழுதிக் குடுத்துடுறேன், சேதாரம் சீழோடது, டாக்டர் அத குறைக்க வர்றவரு. சொல்லப்போனா நகைக்கடைல பேரம் பேசி குறைக்கிற பழக்கம் இருக்குறதால இதயும் குறைக்கலாம்ங்கிற நெனப்பு தானா வருது. வடசொல் பத்தி நான் வாதாடல, அது உங்க வீட்டு சண்டை.

மாணவன் தேடுற விஷயம் நியாயம். பட்டியல்ல "காற்றுவழி-எலும்புவழி வேறுபாடு"ன்னு தலைச்சொல் போட்டுட்டு பக்கத்துல பேச்சுவழக்கு: சேதாரம்னு ஒரு வார்த்தை சேத்துருங்க. "வேறுபாடு"ல கழித்தல் வந்துருச்சு, "வழி" ரெண்டு தடவ வந்துருச்சு, சந்து ஓட்டைன்னு யாரும் படிக்க முடியாது. இடைவெளி மட்டும் வேணாம். நோட்டீஸ்ல நான் சேதாரம்னுதான் போடப்போறேன், அந்தப் பத்தி இப்படி வருது, பாத்து சொல்லுங்க:

"காதுக்குள் வைத்த தண்டு எவ்வளவு வேலை செய்கிறது என்பது கட்டுப் பிரித்த அன்றே தெரியாது. உள்ளே வைத்த பஞ்சு போன்ற பொருளும் ரத்தமும் கரைய வேண்டும். பொதுவாக 3 மாதம் கழித்து டெஸ்ட் எடுத்துச் சேதாரத்தைப் பார்ப்போம். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தண்டு இடம் மாறலாம். காதில் மறுபடியும் சீழ் வந்தாலோ, மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சரியாக வேலை செய்யாவிட்டாலோ சேதாரம் திரும்ப ஏறும். தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் காந்தத்துக்கு ஒட்டாது. இருந்தாலும் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது காதில் தண்டு இருப்பதைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைக் காட்டுங்கள்."

இன்னும் ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்குது, எக்ஸ்ட்ரூஷன். தண்டோட தலை செவிப்பறைய அரிச்சு வெளிய வந்துர்றது, அதத் தடுக்கத்தான் காதுமடல் பக்கத்துக் குருத்தெலும்புல ஒரு சில்லு எடுத்து நடுவுல வைக்கிறாங்க. பட்டியல்ல "வெளித்தள்ளல்"னு இருக்கு, அது யாரோ தள்ளுன மாதிரி இருக்கு. நான் "துருத்தல்"னு கேக்குறேன், சட்டைப்பைல பேனா துருத்திக்கிட்டு நிக்கிதுன்னு சொல்றோம்ல அந்தத் துருத்தல். முழுசா வெளிய விழறதுக்கு முன்னாடி அந்த நெலமையிலதான் நாங்க பாக்குறோம், அப்பவே சொன்னாத்தான் உபயோகம். ஐயா, தம்பி, வேற யாராச்சும், இதுக்கு என்ன சொல்றீங்க?